11 வருடம் நின்ற பெட்ஃபோர்ட் ஆர்எல்: முன் இடது பிரேக் ட்ரம் அசைய மறுக்கிறது

ஊவாக்காரன் (பண்டாரவளை), நவம்பர் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஏலத்தில் எடுத்த பழைய ஆமி ட்ரக் ஒன்று, பெட்ஃபோர்ட் ஆர்எல், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அவர் இருக்கும்வரை மரக்கறியும் விறகும் ஏற்றி ஓடினார். அவர் போய் 11 வருடம், வண்டி நின்றும் 11 வருடம். ரோட்டில் ஓட்டுகிற ஆசையெல்லாம் இப்போது இல்லை. கொட்டகையை விட்டு முற்றத்துக்கு உருண்டு வந்தால் போதும்.

மூன்று சக்கரத்தின் ட்ரம் கழன்றுவிட்டது. முன் இடது மட்டும் மாட்டேன் என்கிறது. கொட்டகைத் தகரத்தில் ஓட்டை இருப்பது சரியாக அதற்கு மேலேதான். 11 மழைக்காலமும் அந்த ஒரு சக்கரத்தின் மேலேயே சொட்டியிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். ட்ரம்மைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று வந்துவிட்டது. மற்றதன் தலை வழுக்கிவிட்டதால் ட்ரில் போட்டு எடுத்தேன். மூன்று நாள் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்தேன். நேற்று பக்கத்து வீட்டு மாமாவும் நானும் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்தோம். ட்ரம் விளிம்பில் விரல் நகம் அளவு துண்டு தெறித்ததுதான் மிச்சம். அடுத்து என்ன செய்யலாம்? படம் மூன்று போட்டிருக்கிறேன்.

லொறித்தம்பி (ஹட்டன்), நவம்பர் 3, இரவு 10.05

அண்ணே, கேஸ் டோர்ச் வைத்துச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். டப்பென்று விட்டுவிடும்.

பழைய ஃபிட்டர் (தலவாக்கலை), நவம்பர் 4, காலை 5.50

தண்ணீர் ஊற்றினால் டப்பென்று விடும் என்பது உண்மைதான். ட்ரம் இரண்டாக விடும். அது வார்ப்பிரும்பு தம்பி, உருக்கு இல்லை. சிவக்கக் காய்ச்சி நனைத்தால் வெடிக்கும், ஓரத்தில் அடித்தால் தெறிக்கும். ஊவாக்காரன் ஒரு துண்டு தெறிக்கப் பார்த்துவிட்டார். அத்தோடு நிறுத்துங்கள்.

முதலில் ட்ரம்மை எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிடிக்கக்கூடிய இடம் மூன்று. ஒன்று ஸ்க்ரூ. இரண்டாவது, ட்ரம்மின் நடு ஓட்டை, சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பின் தோளில் உட்காரும் இடம். அங்கே இடைவெளி மயிரிழைதான். இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும், பருத்தால் ஆப்பு இறுக்கிய மாதிரி. மூன்றாவது உள்ளே பிரேக் சூ, அதாவது மிதித்ததும் விரிந்து ட்ரம்மில் உராய்ந்து நிறுத்துவது; அதன்மேல் இருக்கிற உராய்வுப் பட்டைதான் லைனிங். லைனிங்கும் ட்ரம்மும் ஈரத்தில் ஒட்டிப்போகும், அல்லது தேய்ந்த ட்ரம்மின் வாயில் நிற்கிற வரம்பில் சூ மாட்டிக்கொள்ளும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சக்கர நட்டு மாட்டும் ஸ்டட்டுகளுக்கு நடுவே முகத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு ட்ரம்மின் வளைவில் தட்டுங்கள். எங்கே டங்கென்று மணி மாதிரி கேட்கிறது, எங்கே டொக்கென்று மண்சுவர் மாதிரி கேட்கிறது என்று எழுதுங்கள். சக்கரம் கொஞ்சமாவது சுற்றுகிறதா என்றும் சொல்லுங்கள்.

ஊவாக்காரன், நவம்பர் 4, மாலை 6.15

ஐயா, நன்றி. வேலையால் வந்த கையோடு தட்டிப் பார்த்தேன். வளைவில் டங். முகத்தில், ஹப்பைச் சுற்றி, டொக். இரண்டு ஸ்டட்டில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினால் ஒரு விரற்கடை சுற்றி நிற்கிறது, திரும்பவும் வருகிறது. உள்ளே உரசும் சத்தம் கேட்கிறது.

பழைய ஃபிட்டர், நவம்பர் 4, மாலை 6.40

சுற்றுகிறது என்றால் சூ முழுதாக ஒட்டவில்லை. பிடி நடுவில்தான். முகத்தில் இன்னும் இரண்டு ஓட்டை இருக்க வேண்டும், மரை உள்ளது, பெரும்பாலும் பெயின்ட்டும் சேறும் அடைத்திருக்கும். தேடிப் பாருங்கள். ட்ரம்மைக் கழற்றவென்றே செய்தவன் வைத்த ஓட்டை அது. போல்ட் போட்டு இறுக்கினால் அது ஹப்பை உதைக்கும், ட்ரம் வெளியே வரும்.

கையில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை மட்டும் திணிக்காதீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மரை இஞ்சிக் கணக்கு. அதிலும் ஒரே தடிப்பில் பல மரை உண்டு. எட்டில் மூன்று இஞ்சி என்று எடுத்தால் பிஎஸ்எஃப் ஓர் இஞ்சிக்கு 20 பல், யுஎன்எஃப் 24 பல், யுஎன்சி 16. முதல் இரண்டு சுற்றும் எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். கழற்றிய ஸ்க்ரூவையும் போல்ட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பல்லோடு பல் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

கறள் (வவுனியா), நவம்பர் 4, இரவு 8.20

மலைநாட்டில் துரு, எங்களுக்குக் கறள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் இரும்பைத் தின்னாமல் விடாது.

ஸ்ப்ரே பற்றி ஒரு விசயம். டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டச் செய்தது, பெயரே அதுதான். அது 1953இல் வந்தது. உங்கள் ஆர்எல் மொடலும் 1953இல் தொடங்கியதுதான், ஆகவே இரண்டும் ஒரே வயது. ஆனால் இறுகிய கறளுக்கு அதைவிட வீட்டுக் கலவை மேல். ஓட்டோமெட்டிக் கியருக்கு ஊற்றும் ஒயில் பாதி, அசிட்டோன் பாதி. அசிட்டோன் ஒயிலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் ஆவியாகிவிடும், ஒயில் உள்ளே தங்கும். இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் போத்தலைக் குலுக்க வேண்டும். நெருப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது. டோர்ச் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் கலவை போட்டு ஒரு நாள் கழித்துத்தான்.

மூடுபனி (நுவரெலியா), நவம்பர் 4, இரவு 9.00

டோர்ச் எதற்கு? கொதிநீர் ஊற்றினால் போதாதா? அது சரி, இந்த வண்டியை இரும்புக்குப் போட்டால் என்ன விலை போகும் என்று யாராவது பார்த்தீர்களா? பெற்றோல் எஞ்சின், கிட்டத்தட்ட 5 லீற்றர். இப்போதைய விலைக்கு முற்றத்தைச் சுற்றி வரவே ஒரு மாதச் சம்பளம் வேண்டும்.

ஊவாக்காரன், நவம்பர் 4, இரவு 9.12

பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பழைய ஃபிட்டர், நவம்பர் 5, காலை 6.05

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பே வேக நேரமெடுக்கும் ஊர். கொதிநீர் கெடுதல் இல்லை. ஆனால் இவ்வளவு கனமான இரும்பில் பட்டதும் ஆறிவிடும், சூடு மெதுவாக ஹப்புக்கும் போய்விடும். நமக்கு வேண்டியது ட்ரம் சூடாக இருக்க, ஹப் குளிராக இருப்பது. அதற்குச் சின்ன இடத்தில் வேகமாகச் சூடு காட்ட வேண்டும்.

கணக்கு இப்படி. நடு ஓட்டை 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஹப்பைவிட ட்ரம் 100 பாகை கூடச் சூடானால் அந்த ஓட்டை 0.2 மில்லிமீட்டர் அகலும். நமக்கு அது தாராளம். ஆகவே சிவக்கக் காய்ச்ச வேலையே இல்லை. ஹப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுடரைக் காட்டிக்கொண்டே இருங்கள். இடையில் சுடரை எடுத்துவிட்டு ஒரு துளி தண்ணீர் தெறியுங்கள். தோசைக்கல்லில் போல உருண்டு ஓடினால் நிறுத்துங்கள். நடுவில் கிறீஸும் ரப்பர் சீலும் இருக்கிறது, சுடர் அங்கே போகக்கூடாது. ஈரச் சாக்கு ஒன்றை ஹப் மூடியின்மேல் சுற்றிவிடுங்கள்.

தேயிலைத்தூள் (மஸ்கெலியா), நவம்பர் 5, காலை 7.30

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். அந்தக் காலத்து லைனிங் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ். மற்ற மூன்று ட்ரம்மும் கழற்றியபோது உள்ளே இருந்த கறுப்புத் தூளை என்ன செய்தீர்கள்? காற்றடித்தீர்களா?

ஊவாக்காரன், நவம்பர் 5, காலை 7.50

ஒன்றுக்கு வாயால் ஊதினேன்.

தேயிலைத்தூள், நவம்பர் 5, காலை 8.10

இனி ஊதாதீர்கள். கொம்ப்ரெசரும் வேண்டாம், தும்புத்தடியால் கூட்டவும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிவிட வேண்டும். துணி மாஸ்க் இந்தத் தூளுக்கு வேலியே இல்லை. போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

யுத்தகால வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்த காலத்து வண்டிகள், இந்த ஆர்எல்லுக்கு முந்தியவை. அவற்றில் சிலதின் ரிம் இரண்டு தட்டை போல்ட் பண்ணிச் சேர்த்தது. தட்டுகளைப் பிடிக்கும் நட்டுக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அதில் ஸ்பனர் வைத்தால் ரிம் பாதியாகப் பிரிந்து ஆளை அடிக்கும். சிவப்பு பெயின்ட் எப்போதோ உதிர்ந்திருக்கும், ஆகவே நிறத்தை நம்பாமல் காற்றை முழுதாக இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

லொறித்தம்பி, நவம்பர் 5, மதியம் 12.30

ஐயாவிடம் வாங்கியது போதும், இனி வாளியைத் தூக்கமாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். இடது சக்கர நட்டை எப்படிக் கழற்றினீர்கள்? நான் வேலை பழகின கராஜில் இப்படி ஒரு பழைய பெட்ஃபோர்ட் வந்தது. 4 அடிக் குழாயைப் போட்டு, நானும் இன்னொருவனும் அதில் ஏறி நின்று, ஸ்டட் இரண்டை முறித்தோம். அதன் பிறகுதான் பாஸ் வந்து, இடது பக்கம் இடது மரை, நீங்கள் இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். ஸ்டட் நுனியைத் துடைத்துப் பார்த்தால் எல் என்று ஆங்கில எழுத்து. அந்த மாதம் எனக்குச் சம்பளம் அரைவாசி.

ஊவாக்காரன், நவம்பர் 5, இரவு 8.45

எல் எழுத்தை அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே காட்டியிருந்தார், தப்பித்தேன்.

ஐயா சொன்ன இரண்டு ஓட்டையும் அகப்பட்டது. ஆணியால் தோண்டியபோது பச்சை பெயின்ட் அப்பளம் மாதிரிக் கழன்று வந்தது, அதற்கடியில் இன்னொரு பச்சை, அதற்கடியில் மண். பொருத்தமான போல்ட் இரண்டு பழைய சாமான் கடையில் தேடி வாங்கினேன். கால் சுற்று, கால் சுற்றாக மாறி மாறி இறுக்கினேன். ஒரு போல்ட் பக்கம் ட்ரம் மயிரளவு விலகியது. மற்றப் பக்கம் அசையவே இல்லை. இன்னும் இறுக்கினால் போல்ட் வளையும் போலிருந்தது, நிறுத்திவிட்டேன். கிட்டப் படம் ஒன்று போடுகிறேன்.

பழைய ஃபிட்டர், நவம்பர் 5, இரவு 9.20

நிறுத்தியது நல்லது. படத்தைப் பேரனின் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அசையாத பக்கத்தில்தானே நீங்கள் ட்ரில் போட்ட ஸ்க்ரூ இருக்கிறது? அந்தக் குழியின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். மூன்றாம் பிறை மாதிரி மினுங்குகிறது. அது ட்ரம் இல்லை, ஸ்க்ரூவின் தலையில் மிச்சம். ட்ரில் நடுவில் போகாமல் மேலே சரிந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பிறை இன்னமும் ட்ரம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சம்மட்டியால் நீங்கள் அடித்ததெல்லாம் அதன்மேல்தான்.

போல்ட் இரண்டையும் தளர்த்திவிட்டு, சின்ன உளியால் பிறையை வெளியிலிருந்து நடுவை நோக்கித் தட்டுங்கள். மெல்லிசாகத்தான் இருக்கும், மடங்கிவிடும்.

கறள், நவம்பர் 5, இரவு 9.31

ஐயாவின் கண்ணுக்குச் சுற்றிப் போடுங்கள்.

ஊவாக்காரன், நவம்பர் 7, காலை 6.30

நேற்று விடுமுறை எடுத்தேன். பிறை ஐயா சொன்ன இடத்திலேயே இருந்தது. உளி வைத்து நாலு தட்டு, நெல் உமி அளவு இரும்புச் சீவல் ஒன்று கையில் வந்தது. இவ்வளவு பெரிய ட்ரம்மை அந்த உமிதான் பிடித்து வைத்திருந்தது.

பிறகு வட்டமாகச் சூடு காட்டினேன். தண்ணீர்த் துளி உருண்டு ஓடியதும் நிறுத்தி, போல்ட்டை இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி, ஸ்டட்டுகளுக்கு நடுவே கருங்காலிக் கட்டை வைத்து அடித்தேன். சத்தம் இன்னமும் டொக். சூடு கை பொறுக்கும் அளவுக்கு இறங்கியதும் ஒயிலை மட்டும் விளிம்பில் விட்டேன். ஆறும்போது இழுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரிந்தது, விட்ட ஒயில் காணாமல் போனது. மூன்று தடவை இப்படிச் செய்தேன். பொழுது சாய்ந்ததும் போல்ட்டை இறுக்கியபடியே விட்டுவிட்டு, ட்ரம் துள்ளி விழாமல் ஸ்டட் இரண்டில் சக்கர நட்டையும் நுனியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.

விடியப்புறம் மூன்று மணி இருக்கும். மழை. கொட்டகையில் யாரோ கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். அம்மா எழுந்துவந்து கள்ளன் என்றார். டோர்ச் லைட்டோடு போனால் ட்ரம் முன்னுக்கு வந்து நட்டில் சாய்ந்து நிற்கிறது. யாரும் தொடாமலே.

ஆனால் முழுதாக வரவில்லை. இரண்டு விரற்கடை வந்து நின்றுவிட்டது. இழுத்தால் உள்ளே எதிலோ மாட்டுகிறது.

லொறித்தம்பி, நவம்பர் 7, காலை 6.41

நட்டு மாட்டாமல் விட்டிருந்தால் காலையில் நிலத்தில் கிடந்திருக்கும் அண்ணே. அதன் கீழே யாராவது காலை வைத்திருந்தால் கதை வேறு.

பழைய ஃபிட்டர், நவம்பர் 7, காலை 7.15

இப்போது சூ. ட்ரம்மின் உள்வாயில் லைனிங் தேய்க்காத ஓரம் வரம்பாக நிற்கும். சூ அந்த வரம்புக்குப் பின்னால் விரிந்து நிற்கிறது, இழுத்தால் மாட்டும். பின்தட்டில் பிரேக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, ஒயில் விட்டு, சூ உள்ளே போகிற பக்கமாகத் திருப்புங்கள். எந்தப் பக்கம் என்பதைக் கழற்றி வைத்திருக்கிற முன் வலதில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இது அதன் கண்ணாடிப் பிம்பம். பிரேக் ஒயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளையும் திறந்துவிடுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தால் பிஸ்டன் பின்னுக்குப் போக வழி இருக்காது.

ட்ரம்மை நேராக இழுக்காதீர்கள். மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே கொண்டுவாருங்கள். கனம், தனியாக ஏந்தக்கூடாது.

ஊவாக்காரன், நவம்பர் 8, மாலை 5.30

வந்துவிட்டது.

அட்ஜஸ்டர் முதலில் மறுத்தது, ஒரு மணி நேரம் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக முன்னும் பின்னும் ஆட்டியபோது இளகியது. நிப்பிள் திறந்ததும் தேத்தண்ணிச் சாயம் மாதிரி இரண்டு சொட்டு வந்தது. மாமா கீழே மரக்கட்டை அடுக்கிக் கொடுத்தார், அதன்மேல் ட்ரம்மை இறக்கினோம்.

உள்ளே தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்த்தேன். மேல் சூவின் லைனிங் சூவில் இல்லை. ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, ரிவெட் எல்லாம் பச்சை பூத்துக் காம்பறுந்து கிடக்கிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பி விரல் பட்டதும் புளித்த ரொட்டி மாதிரிப் பிய்ந்தது. பிஸ்டன் இறுகிப்போயிருக்கிறது. ட்ரம்மின் உட்புறத்தில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு, கிணற்றுச் சுவரில் தெரிகிற மாதிரி.

தெறித்த விளிம்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சோக்கட்டித் தூள் பூசிப் பார்த்தேன். வெடிப்பு இருந்தால் ஈரக்கோடு தெரியும் என்று மாமா சொன்னார். எதுவும் தெரியவில்லை.

பழைய ஃபிட்டர், நவம்பர் 8, மாலை 6.10

மாமா விசயம் தெரிந்தவர். ஆனாலும் கடைசலுக்குக் கொடுக்கும்போது அந்த விளிம்பைக் காட்டி, ட்ரம் பாவிக்கலாமா என்று கேளுங்கள். தட்டிப் பார்த்தால் நல்ல ட்ரம் நீளமாக ஒலிக்கும், வெடித்தது சட்டென்று அடங்கும். லைனிங் அடிக்கிறபோது ஒரே அச்சில் இருக்கிற இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் பழையதும் என்றால் பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நம் ரோட்டில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

கறள், நவம்பர் 8, இரவு 7.45

சிலிண்டர் கிட்டுக்கு: இங்கிலாந்தில் கிரீன் கொடெஸ் என்கிற பச்சை நிறத் தீயணைப்பு வண்டிகள் இதே ஆர்எல் சட்டத்தில் 1953க்கும் 1956க்கும் இடையில் கட்டியவை. அவற்றை இன்னும் ஆசைக்கு வைத்திருப்பவர்கள் இருப்பதால் ரப்பரும் கையேடும் அங்கே கிடைக்கும். வாங்க முன் பழைய சிலிண்டரின் மேல் வார்த்திருக்கிற இலக்கத்தைக் கொடுத்து ஒத்துப்பாருங்கள்.

இன்னொன்று, இதில் ஹைட்ரோலிக் பிரேக்குக்கு உதவி வெக்யூம் சர்வோ. எஞ்சின் ஓடினால்தான் அந்த உதவி. முற்றத்துக்குத்தானே என்று எஞ்சின் இல்லாமல் சரிவில் உருட்டாதீர்கள். மிதி கல்லு மாதிரி இருக்கும்.

மூடுபனி, நவம்பர் 8, இரவு 8.30

சரி, இரும்பு விலை பற்றி இனிப் பேசமாட்டேன். முற்றத்துக்கு எப்போது வருகிறது?

ஊவாக்காரன், நவம்பர் 8, இரவு 9.05

இந்த ஞாயிறு. ட்ரக்டர் ஒன்று இரட்டைக் கம்பி வடத்தில் முன்னால் இழுக்க, மாமா பின்சக்கரத்தோடு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வருவார். பிரேக் இல்லாத வண்டிக்கு அவர்தான் பிரேக். முற்றம் சமதரை, வாசல் படலையையும் பூட்டிவிடுவோம்.

தகரத்தின் ஓட்டையை இன்று மத்தியானம் அடைத்துவிட்டேன். ஏணியில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அது துரு தின்ற ஓட்டை இல்லை. யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்கியது. கீழே அப்பா ரேடியோ மாட்டுகிற கம்பி இன்னும் தொங்குகிறது.